தங்கராசு போட்ட சோறு

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் நிவேதா போன வாரம் போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு ஆப் கொடுத்திருக்கிறார்களாம். நோயாளி சாப்பிடுவதற்கு முன் தட்டைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். எத்தனை கலோரி, எவ்வளவு மாவுச்சத்து என்று அதுவே சொல்லிவிடுமாம். "மேடம், நீங்கல்லாம் இது எதுவும் இல்லாம எப்படி வேலை பாத்தீங்க? புதுசா சேந்த பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டணும், கொஞ்சம் எழுதித் தாங்களேன்" என்றாள். ஏதோ நான் கல்லோடு கல்லை உரசி நெருப்பு உண்டாக்கிய காலத்து ஆள் என்று நினைப்பு. ஆனாலும் கோபம் வரவில்லை. கேட்டாளே என்றுதான் இருந்தது. ஓய்வு பெற்றதிலிருந்து என்னை யார் பார்த்தாலும் முட்டி வலி எப்படி இருக்கிறது என்றுதான் விசாரிக்கிறார்கள். வேலையைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை.

கோயம்புத்தூரில் படித்தேன், சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையல்கூடத்தில் பயிற்சி எடுத்தேன், கும்பகோணத்துக்கு டயட்டீஷியனாக வேலைக்கு வந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். வந்த முதல் வாரமே அந்தப் படிப்பு எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துவிட்டது. சீர்காழிப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவருக்கு, ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் பருப்பு என்று எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். "சரிம்மா, இது டிபன். சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்றார்.

எங்கள் பக்கத்தில் சாப்பாடு என்றால் சோறு. மற்றதெல்லாம் அதற்கு முன்னாலோ பின்னாலோ வருவது. மூன்று பக்கமும் நெல் விளையும் ஊரில் உட்கார்ந்துகொண்டு சோற்றைக் குறைக்கச் சொல்வதற்காகச் சம்பளம் வாங்கியவள் நான். கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்ததும் இலையில் பாதிச் சோற்றை ஒதுக்கிவைத்துச் சாப்பிட்டவர்கள் உண்டு. நான் கை கழுவப் போனதும் திரும்ப இழுத்துக்கொள்வார்கள்.

அந்த ஆஸ்பத்திரியை நடத்தியவரை நாங்கள் பெரிய டாக்டர் என்றே சொல்வோம். சர்க்கரை நோய்க்குத் தஞ்சாவூரிலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும்கூட அவரிடம் வருவார்கள். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தியதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். துடைக்கத் தொடங்கினாலே நர்ஸ்கள் ஒவ்வொருவராக அறையை விட்டு நழுவிவிடுவார்கள்.

அவரிடம்தான் நான் தொழில் கற்றேன். "நேத்து ராத்திரி என்ன சாப்டீங்க?" என்று நோயாளியிடம் கேட்பார். "ரெண்டு இட்லி சார்" என்று பதில் வரும். எழுத மாட்டார். பேனாவின் மூடியைக்கூடக் கழற்ற மாட்டார். அவர்களையே பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். அந்த மௌனத்தை யாராலும் தாங்க முடியாது. "அப்புறம்... மீன் கொழம்பு இருந்துச்சு. கொஞ்சூண்டு சோறு போட்டுக்கிட்டேன்" என்று கீழே பார்த்தபடி வரும். அப்போதுதான் மூடி கழலும். "முதல் பதில் நம்ம மனசு நோகக் கூடாதுன்னு சொல்றது. ரெண்டாவதுதான் வயித்துக்குள்ள போனது" என்பார் என்னிடம். 

அடுத்து ஒரு கேள்வி கேட்பார். அதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. "வீட்ல சோறு யாரு போடுவாங்க?" போடுகிறவரைத் தனக்கு எதிரில் நாற்காலியில் உட்கார வைப்பார், நோயாளிக்கு ஓரத்தில் ஸ்டூல். பேச்செல்லாம் நாற்காலியோடுதான். நம் ஊரில் தானே போட்டுச் சாப்பிடுகிறவர் குறைவு, போடுகிற கை யாருடையது என்று தெரியாமல் அளவு சொல்லிப் பிரயோஜனமில்லை என்பது அவர் கட்சி.

அதனால் வீட்டுத் தட்டையும் வீட்டுக் கரண்டியையும் கொண்டுவரச் சொல்வோம். என் அறையில் கேன்டீனிலிருந்து ஒரு பாத்திரம் சோறு வந்து தயாராக இருக்கும். வீட்டில் போடுவதுபோலப் போடுங்கள் என்பேன். மாமியார்கள் போடும் சோற்றுக்கும் மருமகள்கள் போடும் சோற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்தே அந்த வீட்டின் கதையைச் சொல்லிவிடலாம். அப்புறம் ஒரு எவர்சில்வர் கப்பில் சோற்றை எடுத்து, மேலே மேடாக நிற்பதை ஸ்பூனின் காம்பால் வழித்துவிட்டு, இதுதான் உங்கள் அளவு என்று தட்டின் ஒரு மூலையில் கவிழ்ப்பேன். மிச்சமிருக்கும் இடத்தைப் பார்த்து எல்லார் முகமும் வாடும். அது கீரைக்கும் காய்க்கும் என்பேன். அவ்வளவு கீரைக்கு எங்கே போவது என்பார்கள், வீட்டைச் சுற்றிக் கீரை மண்டிக் கிடக்கிறவர்கள்.

நடக்கச் சொல்வது இதைவிடப் பெரிய பாடு. தினம் கொஞ்ச நேரம் வேகமாக நடங்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். கிராமத்தில் ஒரு பெண்பிள்ளை கையில் ஒன்றுமில்லாமல் ரோட்டில் வேகமாகப் போனால் என்ன ஆகும்? எதிரில் வருகிறவர்களெல்லாம் "எங்க கெளம்பிட்டீங்க? யாருக்காவது முடியலையா?" என்று நிறுத்துவார்கள். டிவிஎஸ்ஸில் வருகிறவர் "ஏறிக்கங்கக்கா, இறக்கி விட்டுர்றேன்" என்பார். சும்மா நடக்கிறேன் என்றால் வீட்டில் சண்டையோ என்று பேச்சு வரும். கடைசியில் நான் ஒரு யோசனை கண்டுபிடித்தேன். கையில் ஒரு தூக்கு வாளியை எடுத்துக்கொண்டு நடங்கள் என்பேன், காலி வாளியானாலும் சரி. பால் வாங்கப் போகிறாள் என்று விட்டுவிடுவார்கள். பல ஊர்களில் பல பெண்கள் அப்படிக் காலித் தூக்கோடு நடந்து சர்க்கரையைக் குறைத்திருக்கிறார்கள்.

உடம்பைப் பற்றி நம் ஜனங்களுக்கு இருக்கும் அபிப்பிராயமே தனி. ஒரு முறை ஒரு அம்மாவும் காலேஜில் படிக்கும் மகளும் வந்தார்கள். "எலும்பும் தோலுமா நிக்கிறா, நாளைக்குப் பாக்க வர்றவங்க என்ன சொல்லுவாங்க, கொஞ்சம் சதை போட வைங்க" என்று அம்மா. அம்மா மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து, "மேடம், என் கன்னம் எவ்ளோ குண்டா இருக்கு பாருங்க, எதைச் சாப்பிட்டா குறையும்?" என்று போனில் தன் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள் மகள். ஒரே எடை மெஷின், ஒரே முள். ஒருத்திக்கு மேலே போகணும், இன்னொருத்திக்குக் கீழே இறங்கணும். நான் என்ன செய்ய? இரண்டு பேரையும் உட்கார வைத்துக் காலையில் முட்டையும் சுண்டலும் சாப்பிடு என்று மகளிடம் சொன்னேன். அம்மாவிடமும் அதையே சொன்னேன். என் உடம்பும் லேசுப்பட்டதல்ல. "மேடமே இப்படித்தான் இருக்காங்க, நமக்கு என்ன சொல்றது?" என்று வராந்தாவில் யாராவது முணுமுணுப்பது ஜன்னல் வழியாகக் கேட்கும். கேட்காததுபோல அடுத்த டோக்கனைக் கூப்பிடுவேன்.

அந்த வராந்தாவுக்காக மனம் ஏங்குகிறது என்று சொன்னால் நிவேதா சிரிப்பாள். பதினோரு மணிக்கு அங்கே ஒரு சத்தம் இருக்கும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, கொண்டுவந்த டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டு, மறுபடி ரத்தம் கொடுக்கக் காத்திருப்பவர்களின் சத்தம். என்ன கொழம்பு, யார் வீட்டுப் பொண்ணு, தண்ணி திறந்துட்டாங்களா, குறுவைக்கு என்ன நெல்லு என்று பேச்சு ஓடும். இப்போது என் வீட்டில் அந்த நேரத்துக்குக் குக்கர் விசில் மட்டும்தான். அம்மா இருந்தவரை இரண்டு பேருக்குச் சமைத்தேன். அம்மா போன பிறகு, கல்யாணம் செய்துகொள்ளாத ஒருத்திக்குச் சமைக்கச் சின்னக் குக்கர் வாங்கினேன். அளவு தப்புவதே இல்லை. பக்கத்தில் யாராவது உட்கார்ந்து இன்னும் ஒரு கரண்டி போட்டுக்க என்று சொல்ல மாட்டார்களா என்று இருக்கிறது. ஊர் உலகத்துக்கெல்லாம் அந்த ஒரு கரண்டி வேண்டாம் என்று சொன்னவள் நான்.

சரி, மலர்க்கொடியைப் பற்றிச் சொல்கிறேன். எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

தாராசுரத்துக்குத் தெற்கே, பஸ் ரோட்டிலிருந்து உள்ளே போகவேண்டிய ஒரு கிராமம். மலர்க்கொடிக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். புருஷன் பெயர் தங்கராசு. அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பம். இவர்கள் தலையெடுத்து, குத்தகைக்குப் பிடித்து, மகன் சிங்கப்பூர் போய் அனுப்பிய பணத்தில் சொந்தமாக நிலம் வாங்கி, மாடி வீடு கட்டியிருந்தார்கள். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் தங்கராசு ஒட்டிய வயிறோடு நெட்டையாக நின்றார். மலர்க்கொடி நல்ல பருமன். நாற்று நட்டு, களை எடுத்து வளர்ந்த பெண். வீடு கட்டிய நாளிலிருந்து வயலில் இறங்கவே விடுவதில்லை என்று அவரே பெருமையாகச் சொன்னார். மனைவியின் பருமனிலும் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. பார்த்தாலே தெரிந்தது.

மலர்க்கொடிக்குச் சர்க்கரை எக்கச்சக்கம். கண் டாக்டர் எழுதி அனுப்பிய சீட்டில், வலது கண்ணின் உள்ளே ரத்தம் கசியத் தொடங்கியிருக்கிறது, லேசர் வைக்க வேண்டும், சர்க்கரை இறங்காவிட்டால் இரண்டு கண்ணுக்கும் பொறுப்பேற்க முடியாது என்றிருந்தது. பெரிய டாக்டர் மருந்தை மாற்றி எழுதிவிட்டு, என்னிடம் அனுப்பினார்.

"சோறு யாருங்க போடுவாங்க?" என்றேன், மலர்க்கொடியைப் பார்த்து.

"நான்தான்" என்றார் தங்கராசு.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை வருஷத்தில் அந்தப் பதிலை ஒரு ஆண்பிள்ளை சொல்லி நான் கேட்டதில்லை. மலர்க்கொடி வெட்கத்தோடு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்.

போட்டுக் காட்டுங்கள் என்றேன். தங்கராசு சட்டைக் கையை மடித்துக்கொண்டார். ஒரு கரண்டி, அதை அமுக்கி இன்னொரு கரண்டி, மேலே ஒன்று. பார்த்துப் பார்த்துப் போட்டார். ஒரு பருக்கை தட்டுக்கு வெளியே விழவில்லை. நான் வழக்கம்போலக் கப்பை எடுத்தேன். சோற்றை அள்ளினேன். மேடாக இருந்ததை ஸ்பூன் காம்பால் வழித்தேன்.

"போதும் மேடம்" என்றார் தங்கராசு.

குரலில் இருந்தது கோபமா என்றுகூட எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"எங்க அப்பனும் ஆத்தாளும் அளந்து குடுத்த நெல்லுலதான் எங்கள வளத்தாங்க. மரக்கால்ல நெல்ல அள்ளுவாங்க. மேல குமிஞ்சு நிக்கிறத இப்படித்தான் கையால வழிச்சு விடுவாங்க. வழிச்சது குவியலுக்கே போயிரும், எங்களுக்கு வராது. இன்னிக்கு என் வயல்ல வெளஞ்ச அரிசி மேடம். என் பொண்டாட்டிக்கு நான் வழிச்சுட்டுப் போடணுமா?"

சோற்றைப் பாத்திரத்திலேயே திரும்பப் போட்டு, தட்டைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மலர்க்கொடி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பின்னாலேயே போனார்.

எங்கள் அப்பா களத்துமேட்டில் மரக்கால் பிடித்தவர். கூலி நெல் அளக்கும்போது நான் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருப்பேன். மேட்டை வழித்துவிடும் அந்தக் கை அசைவு எனக்கு நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரி கப் எத்தனையோ வீட்டுச் சோற்றை அளந்திருக்கிறது. அதில் அந்தக் களத்தைப் பார்த்தவர் தங்கராசு ஒருவர்தான்.

பெரிய டாக்டர் மத்தியானம் தன் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் சொன்னதைக் கேட்டார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. "அந்த வீட்டுக்குக் கப் ஆகாது. எடுத்து உள்ள வைங்க" என்றார். டப்பாவை மூடும்போது, "பந்தி பாத்துட்டு வாங்க" என்றார்.

பந்தி பார்ப்பது என்பது அவர் ஏற்படுத்திய வழக்கம். ஒரு கேஸ் பிடிபடாவிட்டால் டயட்டீஷியன் அந்த வீட்டுக்குச் சாப்பாட்டு நேரத்தில் போக வேண்டும். ஒரு மூலையில் உட்கார்ந்து, யார் முதலில் சாப்பிடுகிறார், யார் கடைசி, யார் கை யார் தட்டுக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. முக்கியமாக, கை நனைக்கக் கூடாது. நாம் சாப்பிட உட்கார்ந்துவிட்டால் விருந்தாளி ஆகிவிடுவோம், விருந்தாளி முன்னால் எந்த வீடும் உள்ளபடி இருக்காது என்பார். நியாயமான சட்டம்தான். அதை எல்லா வீட்டிலும் கடைப்பிடித்தேன்.

தங்கராசு வீட்டுக்கு நான் போனபோது அவருக்கு ஆச்சரியம். கோபத்தை மறந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "சாப்புடுங்க மேடம்" என்றார். வழக்கம்போல, "இல்லீங்க, டூட்டியில இருக்கும்போது சாப்பிடக் கூடாது" என்றேன். அவர் சிரித்தார். "சரிங்க. எங்க வீட்ல கை நனைக்க மாட்டீங்கன்னு தெரியும். மரியாதைக்குக் கேட்டேன்."

நான் அப்படியில்லை, எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்றேன். தலையாட்டினார். நம்பவில்லை. நம்பச் சொல்லி எப்படி வற்புறுத்துவது? நாற்காலியில் முள்ளில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

மலர்க்கொடி தரையில் உட்கார்ந்தார். தங்கராசு எதிரில் குந்தி உட்கார்ந்து தட்டில் சோற்றைக் குவித்தார், நடுவில் பள்ளம் செய்து குழம்பை ஊற்றினார், கருவாட்டை எடுத்து ஓரத்தில் வைத்தார். மலர்க்கொடி சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் எழவே இல்லை. தட்டு காலியானதும் கேட்காமலே இன்னொரு கரண்டி. எல்லாம் முடிந்த பிறகு, தனக்கு ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் சோறும் மோரும் ஊற்றிக்கொண்டு வாசல்பக்கம் போய்விட்டார்.

கொல்லையில் கை கழுவும்போது மலர்க்கொடி என்னிடம் சன்னக் குரலில் பேசினார்.

"அவரக் குத்தம் சொல்லாதீங்க மேடம். அப்பல்லாம் நான் எல்லாருக்கும் போட்டுட்டு, சாப்புட்டேன்னு சொல்லிட்டு, சட்டிய கழுவுன தண்ணிய குடிச்சுட்டுப் படுத்துருவேன். ஒருநா அவரு பாத்துட்டாரு. ஒண்ணும் சொல்லல. மறுநாளேருந்து கரண்டிய என் கையில குடுக்கல."

குழாயை மூடிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தார்.

"இப்ப பசின்னு ஒண்ணு எனக்கு வர்றதே இல்ல. ஒரு வேளை வயித்துலேருந்து இறங்கறதுக்குள்ள அடுத்த வேளை வந்துருது. நடவு நட்டுட்டுக் கரையேறி வந்தா எடுக்கும் பாருங்க ஒரு பசி... அந்த ஒடம்பு எங்க போச்சுன்னு தெரியல மேடம். குளிக்கும்போது பாத்தா வேற யாரோ மாதிரி இருக்கு. இதுல கண்ணு முன்னால கொசு கொசுவா பறக்குது. அவருகிட்ட சொல்லல. கொறைச்சுப் போடச் சொன்னா மனசு ஒடிஞ்சுருவாரு. கண்ணு போனாலும் பரவால்ல, அது என்னால பாக்க முடியாது."

அவர் சொன்ன விதத்தில் மிகை எதுவும் இல்லை. கண்ணா, புருஷன் மனசா என்று எடைபோட்டு முடிவு செய்துவிட்டுத்தான் சொன்னார்.

வாசலுக்கு வந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்ற சட்டத்தை மீறி, கண் டாக்டர் எழுதியதை ஒன்றுவிடாமல் தங்கராசுவிடம் சொன்னேன். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நெசமாவே கண்ணு போயிருமா?"

"சர்க்கரை இறங்கலேன்னா போயிரும்."

அவர் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். "கொறைச்சுப் போட என் கைக்கு வராது மேடம்" என்றார். முரட்டுத்தனமே இல்லை அதில். சின்னப் பிள்ளை பாடம் வரவில்லை என்று சொல்வதுபோல இருந்தது.

கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்த அவருடைய சோற்றைப் பார்த்தேன். அவர் ஒட்டிய வயிற்றையும் பார்த்தேன். எனக்கு எப்படித் தோன்றியதோ தெரியாது.

"கொறைக்க வேணாம். எப்பவும் போடற மாதிரியே குமிச்சுப் போடுங்க. ஆனா ஒரே தட்டுல ரெண்டு பேரும் சாப்பிடுங்க. அவங்க அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம். ரெண்டாவது தடவ போடக் கூடாது, அவ்வளவுதான்."

தங்கராசுவுக்குக் காது சிவந்துவிட்டது. "இந்த வயசுலயா? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"கதவ சாத்திக்குங்க" என்றேன்.

உள்ளே மலர்க்கொடி சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் பஸ் ஏறும்வரை தங்கராசு என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

பெரிய டாக்டரிடம் வந்து சொன்னபோது அவர் பேனாவை எடுத்து, மலர்க்கொடியின் சீட்டில் 'ஒரே தட்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாத்திரை எழுதும் இடத்தில்.

அடுத்த முறை வந்தபோது சர்க்கரை இறங்கத் தொடங்கியிருந்தது. அதற்கடுத்த முறை இன்னும் கொஞ்சம். லேசர் வைத்தார்கள். கொசு பறப்பது நின்றது. தங்கராசுவுக்குக் கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது; அதை நான் சொன்னதும் அவர் தடவிப் பார்த்துக்கொண்டார். நடப்பதற்கு மட்டும் அவர் முதலில் சம்மதிக்கவில்லை. தூக்கு வாளி யோசனையைச் சொன்னேன். என் பொண்டாட்டி எதுக்குத் தூக்கு வாளியத் தூக்கிக்கிட்டு யார் வீட்டுக்கோ கஞ்சி வாங்கப் போற மாதிரி போகணும் என்றார். அதற்கு அவரே வழி கண்டுபிடித்தார். சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மனைவிக்கு நல்ல சேலை கட்டச் சொல்லி, வாய்க்கால் கரையில் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். புருஷன் முன்னால், பெண்டாட்டி பத்தடி பின்னால் என்ற வழக்கமில்லை, பக்கத்தில் பக்கத்தில். ஊரே வேடிக்கை பார்த்ததாம். புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி வருது என்று பையன்கள் விசிலடித்தார்களாம். தங்கராசு இதைச் சொல்லும்போது கோபமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

மலர்க்கொடி இளைத்தார். அதற்கும் ஊரில் ஒரு பேச்சு வந்தது. "என்னடி இப்படி எளைச்சுட்ட, மகன் பணம் அனுப்பலையா?" என்று கேட்டார்களாம். "என்ன சொன்னீங்க?" என்றேன். "பசிக்குதுடின்னு சொன்னேன்" என்றார். அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை என் பணிக்காலத்தில் வேறு யார் முகத்திலும் நான் பார்க்கவில்லை.

சில வருஷம் அப்படி ஓடியது. பெரிய டாக்டர் தள்ளாமையால் வருவதை நிறுத்திவிட்டார். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு நாள் காலையில் மலர்க்கொடி தனியாக வந்திருந்தார். நெற்றியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"மடை திறக்கப் போனாரு மேடம். நெஞ்ச புடிச்சுக்கிட்டு வரப்புலயே உக்காந்துட்டாரு. நான் போறதுக்குள்ள..." மகன் வந்து இருந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தான். அம்மாவை அழைத்தானாம். இவர் போகவில்லை.

கையோடு கொண்டுவந்திருந்த போன முறை ரிப்போர்ட்டைப் பார்த்தேன். சர்க்கரை நன்றாக இருந்தது. மெஷினில் ஏற்றினேன், முள் நிற்கவேண்டிய இடத்துக்கு வெகு கீழே நின்றது. ஜாக்கெட் தோளிலிருந்து நழுவியது. இடையிடையே மயக்கம் வருகிறது என்றார். இவ்வளவு இளைக்கக் கூடாது, நன்றாகச் சாப்பிட வேண்டும் என்றேன். நான் சாதாரணமாக யாரிடமும் சொல்லாத வார்த்தை. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வெறும் வயிற்று ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிடுவதற்காக லேபுக்குப் பின்னால் போனார். அங்கே ஒரு சிமென்ட் பெஞ்சு இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து நான் அந்த வழியாகப் போனேன். போனேன் என்ன, பார்க்கத்தான் போனேன். பழக்கம் விடுமா?

வயர் கூடையிலிருந்து வீட்டுத் தட்டை எடுத்து வைத்திருந்தார். அதே பெரிய தட்டு. தூக்கு வாளியிலிருந்த சோற்றை எல்லாம் அதில் குவித்திருந்தார். குழம்பு ஊற்றித் தன் பக்கத்திலிருந்து மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதியில் கை நின்றது. எதிர்ப் பக்கத்துச் சோறு போட்டது போட்டபடி இருந்தது.

"அத சாப்பிடலையா?"

"அது அவரு பக்கம் மேடம்" என்றார், ரொம்பச் சாதாரணமாக.

"வீட்லயும் இப்படித்தானா?"

"கொறைச்சுப் போட மனசு வரல. போட்டுட்டு, என் பாதிய சாப்புட்டுர்றேன். மீதிக்குத் தண்ணி ஊத்தி வச்சா காலையில மாடு குடிச்சுருது." தட்டைப் பார்த்தபடி, "சில நா பசிக்குது மேடம். ஆனா அந்தப் பக்கம் கை போக மாட்டேங்குது" என்றார்.

சின்னத் தட்டு வாங்குங்கள் என்று சொல்லலாம். கொஞ்சமாக வடியுங்கள் என்று சொல்லலாம். அதையெல்லாம் அந்த முகத்தைப் பார்த்து யார் சொல்வது? பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தேன்.

மலர்க்கொடி என்னைப் பார்த்தார். "நீங்க சாப்டீங்களா மேடம்?"

"இன்னும் இல்லீங்க."

தட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து, எதிர்ப் பக்கம் என்னைப் பார்க்கும்படி மெதுவாகத் திருப்பினார். குழம்பை எடுத்து அந்தப் பக்கத்துக்கு ஊற்றினார். ஊற்றிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் வேண்டாம் என்று சொன்னால் வருத்தப்பட மாட்டார் என்று அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அப்படிச் சொல்லிப் போனவர்களை நிறையப் பார்த்திருப்பார்.

எழுந்து குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினேன். லேப் சிஸ்டர் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, தங்கராசு பக்கத்துச் சோற்றில் கை வைத்துப் பிசைந்தேன். கத்தரிக்காயும் கருவாடும் போட்ட குழம்பு, நல்ல காரம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரத்தால்தான் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

அவருடைய பாதி தீர்ந்துபோயிருந்தது. நான் வேண்டுமென்றே மெதுவாகச் சாப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் மலர்க்கொடியின் கை மடியிலிருந்து எழுந்தது. தட்டின் நடுவை மெல்லத் தாண்டி, என் பக்கத்திலிருந்து ஒரு வாய் எடுத்தது. அப்புறம் இன்னொன்று. நான் நிமிர்ந்து பார்க்காமல், மிச்சமிருந்த சோற்றை அவர் பக்கமாக ஒதுக்கிவிட்டேன்.